உறுத்தாத வார்

குதிரை ஓட்டுகிறவர்கள் சேணத்தைப் பற்றி நிறையப் பேசுவார்கள். கால் வைத்து ஏறும் அங்கவடியைச் சேணத்திலிருந்து தொங்கவிடும் வாரைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. அது ஒரு தோல் பட்டை. இடுப்பில் கட்டும் பெல்ட்டைப் போல அதற்கும் ஒரு பக்கிள், வரிசையாகத் துளைகள். ஆனால் குதிரையை விட்டு இறங்குகிற ஆள் நொண்டி நடந்தால் அதற்குக் காரணம் பெரும்பாலும் அந்த வார்தான். பக்கிள் தொடைக்கு அடியில் கல் மாதிரி உட்கார்ந்துகொள்ளும். தோல் முரடாக இருந்தால் அதன் விளிம்பு காலைக் கிள்ளும். வார் முறுக்கிக்கொண்டு தொங்கினால் முழங்கால் வலிக்கும்.

நான் ஈப்போவுக்கு வெளியே ஒரு குதிரை லாயத்தில் வேலை பார்த்தேன். எங்களைப் போன்ற குதிரைக்காரர்களை அங்கே சைஸ் என்பார்கள். சாணம் அள்ளுவது, தீனி வைப்பது, குளிப்பாட்டுவது எல்லாம் எங்கள் வேலை. ஆனால் எனக்கு அங்கே வீடு கொடுத்தது அதற்காக அல்ல. குதிரைகளின் சொந்தக்காரர்கள் சனி, ஞாயிறுகளில்தான் வருவார்கள். மற்ற நாட்களில் அவர்களுடைய குதிரைகளை ஏறி ஓட்டி வைக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான். லாயத்துக்குப் பின்னால் இருந்த இரண்டு அறை வீட்டில் நானும் என் மனைவியும் குடியிருந்தோம். குதிரை ஏறுகிற ஆளுக்குத்தான் அந்த வீடு என்று லாயத்து முதலாளியான தவுக்கே முதல் நாளே சொல்லியிருந்தார். அவர் எதையும் இரண்டாவது முறை சொல்வதில்லை.

லாயம் இருக்கும் இடம் முன்பு ரப்பர் தோட்டம். சேணங்களையும் வார்களையும் மாட்டி வைக்கும் அறை ஒரு காலத்தில் ஆயாக்கொட்டகை. பால்வெட்டப் போன தாய்மார்கள் பிள்ளைகளை அங்கே விட்டுவிட்டுப் போவார்கள். நானும் அந்த உத்தரத்தில் கட்டிய ஏணையில் கிடந்தவன்தான். எனக்கு அது நினைவில் இல்லை. இப்போது அதே உத்தரத்தில் ஆணி அடித்து வார்களைத் தொங்கவிட்டிருக்கிறோம். எதிரே சுண்ணாம்பு மலையை உடைக்கிறார்கள். அந்தத் தூசி ராத்திரியோடு ராத்திரியாக வந்து தோலின் மேல் வெள்ளையாகப் படிந்துவிடும். காலையில் முதல் வேலை அதைத் துடைப்பது.

எனக்கு இனிப்பு நீர், அதாவது சர்க்கரை நோய், இருப்பது லாயத்தில் யாருக்கும் தெரியாது. நான் சொல்லவில்லை. பொதுவாகவே நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. அதோடு, சொன்னால் குதிரையை விட்டு இறக்கிவிடுவார்கள் என்ற பயம் இருந்தது. என் அண்ணன் சித்தியவானில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். அவருக்கும் இதே நோய்தான். கட்டை விரலில் ஆரம்பித்தது. விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை எடுத்தார்கள், பிறகு முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். பிறகு அவரையே எடுத்துக்கொண்டு போனோம். அதனால் எனக்கும் இருக்கிறது என்று கிளினிக்கில் சொன்னபோது கால் ஒன்றைப் பற்றித்தான் நினைத்தேன்.

அங்கிருந்த தமிழ் நர்ஸ் நல்ல மாதிரி. "அண்ணே, தினமும் பாதத்தப் பாருங்க. அடிப்பாதம் கண்ணுக்குத் தெரியாது, கண்ணாடி வச்சிப் பாருங்க. சின்னக் கீறல் இருந்தாலும் உடனே வந்துடுங்க," என்றார். நான் அதை ஒரு நாளும் விட்டதில்லை. வேலை முடிந்து வந்ததும், கால்சட்டையான சிலுவாரையும் பாதமில்லாத நீளக் காலுறையையும் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்து, மனைவியின் கைக்கண்ணாடியைக் கீழே வைத்து, பாதத்தைத் தூக்கிக் காட்டிப் பார்ப்பேன். விரல் இடுக்கில் பார்ப்பேன். மற்றதைக் கழற்றுவது பிறகு, இருட்டுக் குளியலறையில். மனைவி கையுறைத் தொழிற்சாலையிலிருந்து வந்து நிற்பாள். "ஐயா அலங்காரம் முடிஞ்சிருச்சா? கண்ணாடி எனக்கும் வேணும்லா," என்பாள்.

லாயத்துக்கு வருகிறவர்களில் ஒரு பல் டாக்டர் அம்மா உண்டு. யாழ்ப்பாணத்துக் குடும்பம், அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். பந்தயத்திலிருந்து கழித்துவிட்ட ஒரு செம்பட்டைப் பெட்டைக் குதிரையை வாங்கி வைத்திருந்தார். வார நாட்களில் அதை ஓட்டுவது நான். எனக்கும் அவருக்கும் உயரம் கிட்டத்தட்ட ஒன்று. வாரில் அவர் போடும் துளையையே நானும் போடுவேன்.

அவருடைய பழைய வார் நல்ல தடித்த மாட்டுத்தோல். பக்கிள் மேலே, தொடைக்கு அடியில் வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை இறங்கும்போது தொடையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, எனக்கு இனிமேல் ஏலாது. தொடை முழுக்க நீலமாப் போகுது. வேற வார் பாப்பம்," என்றார். அடுத்த முறை மூன்று ஜோடி கொண்டுவந்தார். ஒவ்வொன்றையும் சில நாள் போட்டு ஓட்டிப் பார்த்து எது உறுத்தவில்லை என்று நான் சொல்ல வேண்டும். அதைத் தான் வைத்துக்கொள்வதாகவும் மற்றவற்றை லாயத்துக்குக் கொடுத்துவிடுவதாகவும் சொன்னார்.

"ஏன் நீங்களே பாக்கலாமே டாக்டரம்மா," என்றேன்.

"நான் கிழமைக்கு ஒருக்கா ஏறுறவள். நீங்க தினமும் ஏறுறீங்க. உங்கட கால் சொன்னாச் சரி."

என் கூட வேலை பார்த்த சைஸ் கோலா கங்சார்க்காரன். நாங்கள் மச்சான் என்று கூப்பிட்டுக்கொள்வோம், உறவு ஒன்றும் இல்லை. அவன் சாணக் கூடையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தான். "ஒன் கால நம்பி வார் வாங்குறாங்கலா மச்சான். என்னோட கால் வேணுமான்னு கேளு, வாடகைக்கு விடுறேன்."

"ஒன் கால் குதிரைக்கே பிடிக்காது," என்றேன்.

"அதுவும் சரிதான்," என்று கூடையைத் தூக்கிக்கொண்டு போனான்.

முதல் ஜோடி எருமைத்தோல். தொட்டால் பழந்துணி மாதிரி மெத்தென்றிருந்தது. ஆனால் எருமைத்தோல் இழுபடும். நாம் குதிரையில் ஏறுவது எப்போதும் இடது பக்கமாக. முழு உடம்பும் இடது வாரில் தொங்குவதால் அந்த வார் நீண்டுவிடும். சில நாளிலேயே இடது அங்கவடி வலதைவிடத் தாழ்ந்து, நான் ஒரு பக்கம் சாய்ந்து உட்கார வேண்டியதாயிற்று. இரண்டாவது ஜோடி உள்ளே நைலான் வைத்துத் தைத்தது. இழுபடாது, ஆனால் விளிம்பு கத்தி மாதிரி. சிலுவாருக்கு மேலேயே கிள்ளியது. அதையும் கழித்தேன்.

மூன்றாவது ஜோடி புது மாதிரி. பக்கிள் மேலே இல்லை, கீழே, அங்கவடிக்குச் சற்று மேலே. தொடைக்கு அடியில் ஒற்றைத் தோல் மட்டும்தான். ஏறி உட்கார்ந்த உடனே வித்தியாசம் தெரிந்தது, வெறும் சேணத்தில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. புது வார் முறுக்கிக்கொள்ளாமல் இருக்க நாங்கள் ஒன்று செய்வோம். ஈரத்துணியால் தோலைத் துடைத்து, இரண்டு அங்கவடிகளையும் வெளிப்பக்கமாகத் திருப்பி, நடுவில் ஒரு துடைப்பக் கட்டையைக் கோத்து அப்படியே விட்டுவிடுவது. மறுநாள் அங்கவடி தானாகவே காலுக்கு நேராகத் திரும்பி நிற்கும். அதையும் செய்தேன்.

ஓட்டும்போது வலது காலில், கணுக்காலுக்கு மேலே, காலணி முடியும் இடத்தில் பக்கிள் லேசாக உறுத்தியது. இடது காலில் ஒன்றும் இல்லை. வலது வாரின் பக்கிள் சரியில்லை என்று நினைத்தேன். வார்கள் ஒரே அளவில் இருப்பதற்காக வாரம் ஒரு முறை இடதை வலதிலும் வலதை இடதிலும் மாற்றிப் போடுவது எங்கள் வழக்கம். மாற்றிப் போட்டேன். அப்போதும் வலது காலில்தான் உறுத்தியது. இடது கால் சுகமாக இருந்தது. அப்படியானால் வாரில் குறையில்லை, குதிரைதான் வலப்பக்கம் சாய்ந்து நடக்கிறது என்று முடிவு செய்தேன். பந்தயக் குதிரைகளுக்கு அந்தப் பழக்கம் உண்டு. ஒரு கால் உறுத்துகிறது என்கிறது, ஒரு கால் இல்லை என்கிறது. நான் இல்லை என்ற காலை நம்பினேன். எனக்கு அந்த வார் பிடித்திருந்தது. உட்கார அவ்வளவு நன்றாக இருந்தது.

மச்சான் ஒரு நாள் என் பக்கத்தில் உட்கார்ந்து காலணியைக் கழற்றும்போது, "என்னலா மச்சான், செத்த எலி நாத்தம் அடிக்குது," என்றான். தீனி மூட்டைகளுக்குப் பின்னால் எலி செத்துக் கிடப்பது அடிக்கடி நடப்பதுதான். இருவரும் மூட்டைகளை நகர்த்தித் தேடினோம். ஒன்றும் கிடைக்கவில்லை. அன்று மாலையும் கண்ணாடியை வைத்துப் பாதத்தைப் பார்த்தேன். பாதம் சுத்தமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை டாக்டரம்மா வந்தார். "எது?" என்று கேட்டார். மூன்றாவது ஜோடியைக் காட்டினேன்.

"எடது பக்கம் ஒண்ணுமே தெரியல டாக்டரம்மா. வலது பக்கம் லேசா உறுத்தும், பழகிடும்."

அவர் ஏறிப் போனார். வேலியோரமாக நடையில் சுற்றினார், பிறகு பெருநடையில் விட்டார். வழக்கமாக வெயில் ஏறும்வரை ஓட்டுகிறவர், கொஞ்ச நேரத்திலேயே திரும்பிவந்தார். முகத்தைப் பார்த்தபோதே தெரிந்தது. இறங்கி, லாயத்து வாசலில் இருந்த மரப்பெட்டியின் மேல் உட்கார்ந்து, சிலுவார் விளிம்பைத் தூக்கிப் பார்த்தார். கணுக்காலுக்கு மேலே, உட்பக்கத்தில், தோல் உரிந்து சிவந்திருந்தது. இரண்டு காலிலும் ஒரே இடத்தில், ஒரே அளவில்.

"தம்பி, நல்லா இருக்கெண்டு சொன்னீங்களே. இது பக்கிள் இல்லை, பாக்குவெட்டி."

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவர் என் பேச்சை நம்பித்தான் ஏறினார். "மன்னிச்சிடுங்க டாக்டரம்மா. எனக்கு எடது பக்கம் ஒண்ணும் தெரியலயே," என்றேன் மறுபடியும்.

அவர் தன் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "வலது பக்கம்?"

"அதுல உறுத்துச்சி."

"ரெண்டும் ஒரே பக்கிள்தானே."

"மாத்திக்கூடப் போட்டேன். அப்பவும் வலதுலதான்."

அவர் நிமிர்ந்தார். குரல் மாறியது, அவர் முன்பு நோயாளிகளிடம் அப்படித்தான் பேசியிருப்பார் என்று தோன்றியது. "உங்களுக்கு இனிப்பு நீர் இருக்கா?"

தவுக்கே எங்கே நிற்கிறார் என்று திரும்பிப் பார்த்தேன். தூரத்தில் யாரோ புது ஆட்களுக்குக் குதிரை காட்டிக்கொண்டிருந்தார்.  டாக்டரம்மாவுக்கு அந்தப் பார்வையே போதுமானதாக இருந்தது.

"இடது கால் சிலுவாரைத் தூக்குங்க."

"வேணாம் டாக்டரம்மா. நான் தினம் கண்ணாடி வச்சிப் பாக்குறேன்."

"தூக்குங்க தம்பி."

ஒரு பெண்ணுக்கு முன்னால் காலைக் காட்ட எனக்குக் கூச்சமாக இருந்தது. மெதுவாகத் தூக்கினேன். காலுறை வரவில்லை, ஒட்டிக்கொண்டிருந்தது. தவிட்டு நிறக் காலுறை, அதில் கறை எது, லாயத்து அழுக்கு எது என்று தெரியாது. அவர் குனிந்து குழாய்த் தண்ணீரை மெல்ல ஊற்றி நனைத்துப் பிரித்தார். எலி நாற்றம் அங்கேயிருந்துதான் வந்தது. ஒரு காசு அகலத்தில் பள்ளம். ஓரங்கள் கறுத்து, நடுவில் வெளுப்பாக ஏதோ தெரிந்தது. அது எலும்பு என்று பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அவர் தண்ணீர் ஊற்றிய இடத்தில் எனக்கு ஈரம்கூடத் தெரியவில்லை. அவருடைய விரல் அதன் ஓரத்தில் இருப்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

"இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போறம். காரில ஏறுங்க," என்றார். நான் கார் இருக்கை அழுக்காகும் என்றேன். அவர் என்னைத் திட்டினார். அவர் யாரையும் திட்டி அதற்கு முன் நான் கேட்டதில்லை. மச்சான் குதிரையின் கடிவாளத்தைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் பார்த்தபடி நின்றான்.

வார்டில் ஓர் இளம் மலாய் டாக்டர், மாமா என்கிற மாதிரி பாக்சிக், பாக்சிக் என்று மரியாதையாகப் பேசினார். வலிக்கவே இல்லையா என்று இரண்டு முறை கேட்டார். முதலில் செத்த சதையை மட்டும் வெட்டி எடுத்தார்கள். அதற்கு மயக்க மருந்து தேவைப்படவில்லை. நான் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். வேறு யாருக்கோ நடக்கிற மாதிரி கத்தரிக்கோல் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு காய்ச்சல் வந்தது. கறுப்பு மேலே ஏறியது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிடலாம், தாமதித்தால் மேலே எடுக்க வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். என் அண்ணனிடம் சொன்னதும் கிட்டத்தட்ட இதே வார்த்தைகள்தான்.

கையெழுத்துப் போடுவதற்கு முன் மனைவி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தொழிற்சாலையிலிருந்து நேராக வந்திருந்தாள். கைகளில் கையுறை மாவு வெள்ளையாக இருந்தது.

"தினம் கண்ணாடி வச்சிப் பாத்தீங்களே," என்றாள்.

"பாதத்தத்தான் பாக்கச் சொன்னாங்க."

அவள் போர்வையின் மேலிருந்து என் காலைத் தடவினாள். எந்த இடத்தில் தடவுகிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. அதை அவளிடம் சொல்லவில்லை.

தவுக்கே ஒரு நாள் ஆரஞ்சுப் பழமும் மைலோ டின்னும் கொண்டுவந்தார். கட்டில் விளிம்பில் உட்காராமல் நின்றே பேசினார். "தாப்பா, தாப்பா, பரவாயில்ல. மெதுவா நல்லாயிட்டு வா," என்றார். போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தை அவர் பார்க்கவில்லை. வீட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவர் சொல்ல வேண்டியதை முதல் நாளே சொல்லிவிட்டார் அல்லவா. அடுத்த முறை மச்சான் வந்தபோது, புது ஆள் வந்துவிட்டான், இப்போதைக்குத் தீனி அறையில் படுக்கிறான் என்று தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான். நான் வார்டில் இருக்கும்போதே மனைவி வீட்டைக் காலி செய்துவிட்டாள். ஆஸ்பத்திரியிலிருந்து நான் போனது மலிவு விலை அடுக்குமாடியில் மூன்றாவது மாடிக்கு. லிப்ட் இல்லை. முதல் தடவை மச்சானும் இன்னொருவரும் நாற்காலியோடு தூக்கிப் போனார்கள். இப்போது உட்கார்ந்து உட்கார்ந்து படி ஏறப் பழகிவிட்டேன். பிள்ளைகள் ஒதுங்கி வழிவிடுவார்கள்.

அந்த வார்தான் என் காலைக் கொண்டுபோனது என்று மனைவி சொல்வாள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த வார் இல்லாவிட்டால் ஒரு காலணி, ஒரு கல், ஒரு ஆணி. கால் எனக்குத் தெரியாமல் எப்போதோ போய்விட்டிருந்தது. டாக்டரம்மாவின் கால்கள் சிவக்காமல் இருந்திருந்தால் நான் இன்னும் எத்தனை நாள் அந்தப் பெட்டைக் குதிரையில் சுகமாகப் போயிருப்பேனோ.

சில மாதங்களுக்குப் பிறகு, தோல் சாமான்களைத் துடைத்து எண்ணெய் போட ஆள் வேண்டும் என்று தவுக்கே மச்சானிடம் சொல்லி அனுப்பினார். மச்சான் மோட்டார் சைக்கிளில் என்னைப் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிப் போகிறான். ஊன்றுகோல்களை நடுவில் வைத்துக் கட்டிக்கொள்வோம். முன்பெல்லாம் வழி முழுக்கக் கேலி பேசுகிறவன், இப்போது என் காலைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை. அவனுடைய காலைப் பற்றியும் சொல்வதில்லை. பழைய ஆயாக்கொட்டகையில், தொங்குகிற வார்களுக்கு அடியில், நான் ஸ்டூலில் உட்கார்ந்து வேலை செய்கிறேன். நான் இருந்த வீட்டு வாசலில் புது ஆளின் துணிகள் காய்வது அங்கிருந்து தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை டாக்டரம்மா இன்னொரு ஜோடி வார் கொண்டுவந்தார். இது அகலமான, மெல்லிய கன்றுத்தோல். என் மடியில் வைத்துவிட்டு நின்றார். என்னிடம் கேட்பதா வேண்டாமா என்று அவருக்குத் தெரியவில்லை போலும். முதன்முறையாக, "நான் உங்களிட்டக் கேட்டிருக்கக் கூடாது தம்பி," என்றார்.

"அதெல்லாம் இல்ல டாக்டரம்மா." தோலை விரலால் மடக்கிப் பார்த்தேன். விளிம்பைத் தடவினேன். விரல்களில் இன்னும் உணர்ச்சி இருக்கிறது, ஆனால் அவை சொல்வதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று தெரியவில்லை. "இது நல்லா இருக்கா இல்லியான்னு நான் சொல்ல மாட்டேன். நீங்க ஏறி ஓட்டிட்டு வாங்க. எங்க உறுத்துதுன்னு சொல்லுங்க. அந்த எடத்த நான் சீவித் தரேன்."

அவர் ஓட்டிவிட்டு வந்தார். "வலது முழங்காலுக்கு உள்பக்கம். இந்த இடம். ஓம், இதுதான். இடது பக்கம் மேல, தொடைக்குக் கிட்ட," என்று தொட்டுக் காட்டினார். நான் வாரைக் கழற்றி மடியில் போட்டு, கத்தியால் விளிம்பை மெல்லச் சீவ ஆரம்பித்தேன். தோல் சுருள் சுருளாக விழுந்தது.

அப்போது அது வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாள் முதல் வருகிறது. இடது காலில், கணுக்காலுக்கு மேலே, உட்பக்கத்தில், ஒரு காசு அகல இடத்தில் யாரோ பக்கிளை வைத்து அழுத்துகிற மாதிரி. முள் இல்லை, எரிச்சல் இல்லை, பக்கிள்தான். நான்கு மூலைகளும் தெரிகின்றன. கால் இருந்தபோது ஒரு நாளாவது இதில் பாதி தெரிந்திருந்தால் போதும். நான் கத்தியை நிறுத்திக் கீழே பார்த்தேன். அந்த இடத்தில் ஸ்டூலின் கால் இருந்தது, அதற்கருகில் தோல் சுருள்கள் கிடந்தன.

"என்ன தம்பி, எங்கயாவது நோகுதா?" என்றார் டாக்டரம்மா.

"இல்ல டாக்டரம்மா," என்று சொல்லிவிட்டு மறுபடி சீவத் தொடங்கினேன்.